தள்ளி நின்ற பாகன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மனிதருக்கும் விலங்குக்கும் உள்ள உறவைக் காட்டும் காணொளிக் கலை பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் குறிப்பிட்டிருந்த ஸ்காட்லாந்துக் கலைஞர் டக்ளஸ் கார்டனின் யானைக் காணொளியை, கோவையில் ஓவியம் படிக்கும் என் பேத்தி மடிக்கணினியில் தேடிப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். 2003இல் நியூயார்க்கில் ஒரு கலைக்கூடத்துக்குள் யானையைக் கொண்டுவந்து, படுக்க வைத்து, எழ வைத்து, கேமராவால் அதைச் சுற்றிச் சுற்றி எடுத்த படம்.

அதைக் கட்டுரையாளர் ‘யானையின் தனிமை’ என்கிறார். முதுமலையில் உள்ள தெப்பக்காடு யானைகள் முகாமில் காவடியாகவும் (பாகனின் உதவியாள்) பிறகு பாகனாகவும் 31 வருடம் இருந்துவிட்டு, போன ஆண்டு ஓய்வு பெற்றவன் நான். அந்த யானை தனியாக இல்லை, ஐயா. படத்தில் விழாத ஓர் ஆள் அருகில் நின்று ஏவிக்கொண்டிருக்கிறான். பழகியவர்களுக்குக் காது விரியும் பக்கமும் துதிக்கை நுனி திரும்பும் பக்கமும் போதும், ஆள் எங்கே நிற்கிறான் என்று சொல்லிவிடலாம்.

பக்கவாட்டில் படுத்த யானை, உடம்பை ஆட்டி ஆட்டி வேகம் சேர்த்த பிறகே எழ முடியும். கெட்டித் தரையில் அதைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மோயாற்றில் குளிப்பாட்டும்போது நாங்களும் படுக்கத்தான் சொல்கிறோம். அங்கே தண்ணீர் பாதி பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது.

உறவு என்றால் எனக்குக் கவளம்தான். ராகி, கொள்ளு, அரிசியை வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்து உருட்டி, வாய்க்குள் கையை விட்டு நாக்கின்மேல் வைப்போம். ஒருநாள் சூடு ஆறாமல் கொடுத்துவிட்டேன். என் யானை துப்பவில்லை. நாக்கில் வைத்தபடி மெல்லாமல் நின்றாள். அடுத்த கவளத்தை நான் ஊதிய பிறகே வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து தினமும் ஊத வேண்டியதாயிற்று, ஆறியதையும்கூட!

இனி இப்படி எழுதுகிறவர்கள் ஒரு பாகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் நல்லது. 2023இல் ஆஸ்கர் பெற்ற ஆவணப்படத்திலாவது எங்கள் முகாமின் பராமரிப்பாளர் தம்பதி குட்டிகளோடு திரையில் இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், யானை மட்டும் படத்தில் விழ வேண்டும் என்று, இரண்டடி தள்ளி நிற்கும்படி எனக்குக் கையைக் காட்டினார். தள்ளி நின்றேன். யானையும் என்னோடு இரண்டடி தள்ளி வந்து நின்றது.

ஓய்வுபெற்ற பாகன் ஒருவர்,
மசினகுடி, நீலகிரி.