மலைப் பெற்றோர் மீது பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கொடைக்கானல் மலைக் கிராமங்களில் பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவது பற்றிய தங்கள் கட்டுரையில், 'பழங்குடிப் பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை' என்று ஒரு வரி வந்திருந்தது. தங்கள் பத்திரிகையில் அதைப் படிக்க நேர்ந்ததுதான் வருத்தம்.

அருமை தெரியாதவர்களா கூலியை விட்டுவிட்டுச் சாதிச் சான்றிதழுக்கு அலைகிறார்கள்? பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே சான்றிதழ் தரலாம். பழங்குடியினருக்கு அவருக்கும் மேலதிகாரியான கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும் என்பது தாங்கள் அறியாததல்ல. தகப்பன் வழியில் யாரிடமும் பழைய சான்று இல்லையென்றால் மனு விசாரணையிலேயே கிடக்கும். ஊர் பளியர் என்று அழைக்கும் இனத்தின் பெயர் அரசுப் பட்டியலில் மூன்று விதமாக, மூன்று தனி இனங்கள் போல இருக்கிறது. அப்பாவின் தாளில் ஒன்றும் மகளின் பள்ளிப் பதிவில் இன்னொன்றும் இருந்தால் மனு திரும்பிவிடும்.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். 15 வயதில் கைரேகையைப் புதுப்பிக்காவிட்டால் வங்கி இயந்திரம் ஏற்காமல் போகும். சின்ன வகுப்பில் திறந்த கணக்கு, இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் முடங்கியிருக்கும். பெயர், இனிஷியல் பிழையை ஒன்பதாம் வகுப்பிலேயே, பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் திருத்திவிட வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அச்சாகிவிட்டால் பிறகு பெரும்பாடு.

சைக்கிள் தருகிறார்களே என்பார்கள். தாண்டிக்குடி ஏற்றத்தில் அதை மிதிக்க முடியாது, வேண்டியது பஸ். சிறப்பு வகுப்பு முடியுமுன் கடைசி பஸ் போய்விட்டால், காட்டுமாடு நிற்கும் பாதையில் எந்தத் தாய் மகளை நடக்கவிடுவாள்? காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்தான் வீட்டில் நிற்கிறாள். பொதுத்தேர்வு நெருங்கும் நேரமும் அதுதான். இவ்வளவுக்கும், பெண்களுக்கென்றே அன்னை தெரசா பல்கலைக்கழகம் 1984 முதல் இதே கொடைக்கானலில் இருக்கிறது.

சான்றிதழ் முகாம் நடந்த மறுநாள் படத்தோடு செய்தி போடுகிறீர்கள். பிள்ளைகளுக்கு அதனால் பயனில்லை. ஒரு வாரம் முன்பே உள்ளூர்ப் பக்கத்தில் தேதியும் இடமும் போடுங்கள். ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், தகப்பன் அல்லது சித்தப்பா, பெரியப்பாவின் சாதிச் சான்று ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லி இரண்டு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
தாண்டிக்குடி வாசகர்