இடது கை வீட்டுக்கு வரட்டும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். இன்றோடு 11 நாளாக நீ போனை எடுக்கவில்லை. அம்மா மலைக்குப் போகும் முன் ஒரு தரம், தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து ஒரு தரம், ராத்திரி படுக்கும் முன் ஒரு தரம் எடுத்துப் பார்க்கிறாள். மணி அடிக்கிறது, நீ பேசுவதில்லை. கீழ் லயத்துப் பொடியன் நாளைக்குப் புறக்கோட்டைக் கடைக்குத் திரும்பிப் போகிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அம்மா கொஞ்சம் கருவாட்டுச் சம்பலும் ஒரு போத்தல் தேனும் வைத்திருக்கிறாள்.

முதலில் பொக்சிங் சண்டையில் அடிபட்ட உன் தலையைப் பற்றிக் கேட்கிறேன். தலைவலி இருக்கிறதா? சத்தி வருகிறதா? கண் மங்குகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. டொக்டர் 30 நாள் ரிங்குக்குள் போகக்கூடாது என்று எழுதினார் என உன் கூட்டாளி தங்கச்சிக்குச் சொன்னான். அந்த 30 நாளில் ஒரு நாளைக் கூட நீ திருடக்கூடாது. ஸ்பாரிங் என்ற பயிற்சிச் சண்டையும் வேண்டாம், சும்மா விளையாட்டுக்கு என்றாலும் வேண்டாம். உள்ளுக்குள் அடிபட்ட மூளை ஆறுவதற்கு முன் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. உனக்கே தெரியும்.

சரி, சண்டையைப் பற்றிப் பேசுவோம். நான் அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. தங்கச்சி போனில் மெதுவாக ஓடவிட்டுக் காட்டினாள். அம்மா ஒரு தரம்தான் பார்த்தாள், அதுவும் பாதி.

முதல் ரவுண்டில் நீ கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆடினாய். நாடியை நீட்டி ‘அடி, அடி’ என்று எதிராளிப் பொடியனைக் கூப்பிட்டாய். அவன் கோபப்படவே இல்லை. நீ அதைக் கவனித்தாயா? அவன் உன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் இடது தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது ரவுண்டில் நீ இடது கையால் நேராக ஒரு ஜாப் குத்துப் போட்டாய். நல்ல ஜாப்தான், அவன் தலை பின்னால் போனது. ஆனால் குத்திய கை நேரே முகத்துக்குத் திரும்பவில்லை. சட்டைப் பையில் எதையோ தேடுவது போலக் கீழே இறங்கி, வயிற்றருகே வந்து, அப்புறம்தான் மேலே ஏறியது. அந்த இடைவெளிக்குள் அவனுடைய வலது கை வந்தது. நடுவர் எட்டு வரை எண்ணினார், நீ எழுந்தாய். எழுந்த பிறகும் அதே ஜாப், அதே இறக்கம். இரண்டாவது தரம் விழுந்ததும் நடுவர் நிறுத்திவிட்டார். நிறுத்தியது சரி. அவர் நிறுத்தியதற்காக நான் அந்த மனுசனைக் கும்பிடுகிறேன்.

எனக்கு பொக்சிங் தெரியாது. தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிவிடும் கவ்வாத்து தெரியும். 17 வயதில் உன் தாத்தாவோடு கவ்வாத்து வெட்டப் போனேன். கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும், கிளை பிளக்கக் கூடாது. வெட்டி முடிந்தது என்று கையைத் தளர விட்டால் கத்தி முனை நம் காலைத்தான் தேடி வரும். என் இடது முழங்காலுக்குக் கீழே இருக்கும் தழும்பை நீ சின்ன வயதில் தடவிப் பார்த்துக் கேட்பாயே, அது என் இரண்டாவது வாரத்தில் வாங்கியது. அன்றைக்குத் தாத்தா வேட்டியைக் கிழித்துக் கட்டிவிட்டு, “வெட்டுன கை வீட்டுக்கு வரணும்டா, அப்பதான் வெட்டு முடிஞ்சிச்சு” என்றார். நெஞ்சுக்கு முன்னால் கை திரும்பி வந்து நிற்கும் இடம்தான் அவருக்கு வீடு. அதற்கப்புறம் 35 வருஷம் கவ்வாத்து வெட்டினேன், இன்னொரு தழும்பு கிடையாது. உன் இடது கை வீட்டுக்கு வரவில்லை மகன். கையில் பலம் இல்லாமல் இல்லை, வேகம் இல்லாமலும் இல்லை. குத்து விழுந்ததுமே வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்குப் போய், உனக்கு முதலில் பொக்சிங் பழக்கிய மாஸ்டரைப் பார்த்தேன். நீ கோபப்பட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். அவர் வீட்டில் இன்னும் அதே பழைய மேசை, அதே சாய்வு நாற்காலி. தேத்தண்ணி கொடுத்துவிட்டு ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து வந்தார். உள்ளே நீ 13 வயதிலிருந்து போட்ட ஒவ்வொரு சண்டையும் திகதியோடு இருக்கிறது. யாரோடு, எத்தனை ரவுண்டு, என்ன முடிவு. நீலப் பேனாவில் ‘வெற்றி, வெற்றி, வெற்றி’ என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் இரண்டே வார்த்தை: ‘இடது கை’. கிட்டத்தட்ட எல்லாப் பக்கத்திலும் அது இருக்கிறது. நீ அவரை விட்டுக் கொழும்புக்குப் போன பிறகு நடந்த சண்டைகளையும் எழுதி வைத்திருக்கிறார். போனில் பார்த்து எழுதினாராம். அந்தப் பக்கங்களிலும் சிவப்பு மை.

போன வருஷம் நீ பேஸ்புக்கில் நேரலையில் வந்து, “எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல, நானே கத்துக்கிட்டேன்” என்று சொன்னாய். அதை அவர் பார்த்திருக்கிறார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய மனைவிதான், நான் கிளம்பும்போது படியில் வைத்துச் சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஏனென்றால் அந்த நேரலையை நானும் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன். நீ எதிராளியை மட்டம் தட்டிப் பேசும்போதெல்லாம் ‘என் மகன் எப்படிப் பேசுறான் பாருங்க’ என்று கடையடியில் நின்று எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன். நோர்வூட்டில் உன் படம் போட்ட பெரிய பேனர் கட்டியபோது கயிறு பிடித்தவன் நான்தான். உனக்கு அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. அதற்காக அப்பா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மாஸ்டர் ஒரு விஷயம் சொன்னார். நீ பிறந்த வருஷம், 2001. அந்த ஏப்ரல் மாதம் இரண்டு பெரிய சண்டைக்காரர்கள் தோற்றார்கள். 7ஆம் திகதி லாஸ் வேகாஸில் நசீம் ஹமீட், மெக்சிகோக்காரர் மார்கோ அன்டோனியோ பரேராவிடம் தோற்றார். அதுவரை 35 சண்டை போட்டு 35லும் ஜெயித்தவர். கைகளைத் தொங்கப் போட்டு ஆடுவது, கயிற்றுக்கு மேலே குட்டிக்கரணம் அடித்து ரிங்குக்குள் குதிப்பது, எல்லாம் அவருடைய வேலை. உன் அறைச் சுவரில் அவர் படத்தைத்தானே ஒட்டியிருந்தாய். 15 வயதில் மாட்டுப்பட்டிக் கயிற்றில் குட்டிக்கரணம் அடித்துப் பழகித் தோளைப் பிசகவிட்டவன் நீ. பரேரா அன்றைக்குப் பொறுமையாக 12 ரவுண்டும் அவருக்குப் பாடம் எடுத்தார். மூன்று நடுவர்களும் பரேராவுக்கே கொடுத்தார்கள்.

சரியாக 15 நாள் கழித்து, 22ஆம் திகதி, தென்னாபிரிக்காவில் லெனக்ஸ் லூயிஸ். உலக ஹெவிவெயிட் சாம்பியன். ஜோகனஸ்பர்க் பக்கம், உயரமான இடம். நம்ம நுவரெலியாவை விடக் கொஞ்சம்தான் பணிவு. அந்த மெல்லிய காற்றுக்கு உடம்பு பழக நாள் வேண்டும். லூயிஸ் சண்டைக்கு இரண்டு கிழமை கூட இல்லாத நேரத்தில்தான் அங்கே போய் இறங்கினார். எதிராளி ஹசீம் ரஹ்மானை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. ஐந்தாவது ரவுண்டில் ஒரே ஒரு வலது கை. விழுந்தார், எழவில்லை.

அதற்கப்புறம் ஹமீட் ஒரே ஒரு சண்டை போட்டார், 2002 மே மாதம். ஜெயித்தார். ஆனால் அத்தோடு சரி, 28 வயதில் நின்றுவிட்டார். கையில் காயம் என்று சொன்னார்கள், இருக்கலாம், அவரைக் குறை சொல்ல நான் யார். லூயிஸ், தோற்ற அதே 2001 நவம்பர் 17ஆம் திகதி அதே ரஹ்மானை நாலாவது ரவுண்டில் படுக்க வைத்துப் பட்டத்தைத் திரும்ப எடுத்தார். அப்போது அவருக்கு 36 வயது. உனக்கு 24 முடிந்திருக்கிறது.

லூயிஸுக்கு அது முதல் தோல்வி இல்லை என்பதையும் மாஸ்டர் சொன்னார். 1994 செப்டம்பரில் லண்டனில் ஒலிவர் மெக்கோல் என்பவரிடம் இரண்டாவது ரவுண்டிலேயே தோற்றிருக்கிறார், உன்னைப் போல. அந்த மெக்கோலின் மூலையில் பயிற்சியாளராக நின்றவர் இமானுவல் ஸ்டுவார்ட். லூயிஸ் என்ன செய்தார் தெரியுமா? தன்னைத் தோற்கடிக்கச் சொல்லிக் கொடுத்த அதே மனிதரிடம் போய், எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டு அவரையே தன் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். 1997 பெப்ரவரியில் அதே மெக்கோலை ஜெயித்துப் பட்டத்தை எடுத்தார். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அந்தக் கதவைத் தட்டும்போது அவர் மனதுக்குள் எத்தனையை விழுங்கியிருப்பார். நீ தட்ட வேண்டிய கதவு அவ்வளவு கடினமானது இல்லை. அந்த வீட்டில் நீ சோறு தின்று வளர்ந்தவன்.

கொழும்பு கோச்சை விடச் சொல்லவில்லை. அவரிடம் நல்ல ஜிம் இருக்கிறது, ஸ்பாரிங்குக்கு ஆள் இருக்கிறது. மாஸ்டரே சொன்னார், “அவரோட நான் பேசுறேன், சண்டை பிடிக்க ஒண்ணும் இல்ல” என்று. ஆனால் முதல் இரண்டு மாதம் இங்கே வந்து அடியிலிருந்து தொடங்கு. கால் வைப்பதும் கை திரும்புவதும் மட்டும். மாஸ்டர் உன் இடது கையில் ஒரு கயிறு கட்டி, அதன் மறு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, ஜாப் போட்டதும் சுண்டி முகத்துக்கு இழுப்பாராம். 13 வயதில் அப்படித்தான் பழக்கினாராமே. ஓட்டத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். சீசன் இல்லாத மாதத்தில் சிவனொளிபாதமலைப் படிகள் ஆளில்லாமல்தான் கிடக்கும்.

அந்தப் பொடியனோடு உடனே மறுபடி மோத வேண்டும் என்று நீ துடிக்கிறாயாம், தங்கச்சி சொன்னாள். வேண்டாம். முகமது அலி 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியரிடம் தோற்றார். தன்னை விடப் பெரிய வாய் உலகத்தில் இல்லை என்று காட்டிக்கொண்டிருந்தவர், 15ஆவது ரவுண்டில் மல்லாந்து விழுந்தார். அப்புறம் அந்த வருஷம் ஜூலையிலிருந்து 1973 பெப்ரவரி வரை 10 சண்டை போட்டு பத்தையும் ஜெயித்தார். அதற்கும் அடுத்த மாதமே கென் நோர்ட்டன் அவர் தாடையை உடைத்தார். மறுபடி கட்டியெழுப்ப வேண்டியதாயிற்று. ஃபிரேசியரை 1974 ஜனவரியில்தான் திருப்பி ஜெயித்தார், அக்டோபரில் கின்ஷாசாவில் ஜோர்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். அந்த வருஷம் தோட்டத்தில் பஞ்சம். மாவும் இல்லை, அரிசியும் இல்லை. நான் சின்னப் பையன். அலி ஜெயித்த செய்தியைக் கேட்டுவிட்டு உன் தாத்தா லயத்து வாசலில் நின்று கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பட்டினியாகக் கிடந்த மனிதருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ.

தங்கச்சி அமீர் கானையும் எழுதச் சொன்னாள். 2008 செப்டம்பரில் 54 விநாடியில் தோற்றவர், பயிற்சியாளரை மாற்றிக்கொண்டு 2009 ஜூலையில் உலகப் பட்டம் எடுத்தாராம். எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. தோற்றதற்காக நான் வெட்கப்படவில்லை, ஒரு நிமிடம் கூட இல்லை. ஆனால் நடுவர் அந்தப் பொடியனின் கையைத் தூக்கியபோது நீ பாதியில் கையை இழுத்துக்கொண்டு கயிற்றுக்குள்ளால் இறங்கிப் போனாய். அவன் உன் மூலைக்கு வந்து உன் கோச்சுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உன்னைத் தேடினான். வீடியோவில் தெரிகிறது, திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். நீ இல்லை. அந்த இடத்தில்தான் அம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். அவனுக்கு ஒரு போன் போடு. உனக்குச் சிங்களம் நன்றாக வரும். நீண்ட பேச்சு வேண்டாம், நன்றாகச் சண்டை போட்டாய் என்று சொன்னால் போதும்.

30 நாள் முடிந்த பிறகு, எனக்கு இனி பொக்சிங் வேண்டாம் என்று நீ சொன்னால் அப்பா ஒரு கேள்வி கேட்க மாட்டேன். அம்மா சந்தோசப்படுவாள். ஆனால் அந்த முடிவை இப்போது, கதவைச் சாத்திக்கொண்டு எடுக்காதே. லேட்டன் கிண்ணம், கிளிஃபர்ட் கிண்ணம் பொக்சிங் போட்டியெல்லாம் எங்கேயும் ஓடிவிடாது.

மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு வரச் சொன்னார். கிளவுஸ் வேண்டாமாம், கன்வஸ் சப்பாத்து மட்டும். வரும்போது அவருக்குக் கொழும்பில் ஒரு கம்பளித் தொப்பி வாங்கு, பழையது நைந்துவிட்டது, விடியப்புறம் குளிர் கடுமை. அந்தப் பேனரை நான் கழற்றி மடித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேர பஸ்ஸில் ஏறு. ஹட்டனில் இருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்தால் போதும். சந்தியில் லைட் இல்லை, நான் டோர்ச் எடுத்துக்கொண்டு வந்து நிற்பேன். பஸ் தாமதம் என்றாலும் நிற்பேன். அம்மா ரொட்டி சுட்டு வைப்பாள்.

அன்புடன்,
அப்பா