கோட்டி (பைத்தியம்) என்று கூப்பிடாதவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிற வீட்டாரும் சேர்ந்து எழுதுகிறோம். பாளை, பேட்டை, முக்கூடல், அம்பை, வள்ளியூர் என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பல ஊர்க்காரர்கள். உங்கள் பெயரையும் போடவில்லை, எங்கள் பெயரையும் போடவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி கோயில் கொடைத் திருவிழா நடத்துகிற கமிட்டிக்கு. மனசு ஒரு காலம் அளவுக்கு மீறித் துள்ளும், ஒரு காலம் ஒரேயடியாகச் சோர்ந்துவிடும், அதுதான் இருதுருவ நோய் (பைபோலார்). அது உள்ளவருக்குத் தூக்கம்தான் பாதி மருந்து. இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் முழித்தால் போதும், மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்புத் தெரியாது, பேச்சு ஓட்டம் பிடிக்கும், காசு தண்ணீராய்ப் போகும். அப்புறம் ஆஸ்பத்திரிதான். அதைச் சொன்னதும் குழாய் ஸ்பீக்கரைக் குளத்துப் பக்கம் திருப்பிக் கட்டினீர்கள். "வரி கொடுத்த வீட்டாளு சாமக்கொடைக்கு வரலியே" என்று யாரும் கேட்கவில்லை. படப்புச் சோறு மறுநாள் காலையில் வீடு தேடி வந்தது.

ஆட்டோ அண்ணனுக்கு அடுத்து. கழுத்து ஒரு பக்கமாக முறுக்கி, கண் மேலே செருகி, நாக்கு தடித்து வெளியே வந்தால் பார்க்கிற யாருக்கும் பேய் பிடித்த மாதிரிதான் இருக்கும். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்து ஆரம்பித்த முதல் சில நாட்களில், இளவட்டங்களுக்கு அதிகமாக வருகிற தசைப்பிடிப்பு அது. பிராமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். வண்டியைப் பேயோட்டுகிற கோடாங்கி வீட்டுக்கு விடச் சொன்னவர்கள் நாலு பேர். அண்ணன் ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி கேசுவல்டிக்கு (அவசரப் பிரிவுக்கு) விட்டார், மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துவரச் சொன்னார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் டாக்டர் வலிப்பா, ஜன்னியா என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

இருதுருவ நோய்க்குக் கொடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேப் அக்காவுக்குக் கடன்பட்டவர்கள். ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 8 மணிக்குப் போட்டால் காலை 8 மணிக்கு. காலை மாத்திரையையும் போட்டுவிட்டு வந்தவர்களை நாள் மாற்றி வரச்சொன்னார், இல்லையென்றால் அளவு கூடக் காட்டும், டாக்டர் வீணாக மருந்தைக் குறைப்பார். பச்சை மூடிக் குழாயையும் தொடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அதில் பூசியிருப்பதே லித்தியம் ஹெப்பாரின், அதில் எடுத்தால் கணக்கு தப்பும்! சாதாரணமாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 1.5-ஐத் தாண்டினால் விஷம்.

ஏன் தாண்டுகிறது என்று மருந்துக்கடை அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டால் "லித்தியம் ஓடுதுல்லா" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு பாராசிட்டமால் எடுத்துக் கொடுப்பார். டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் எல்லாம் சிறுநீரகத்தில் லித்தியத்தைத் தேக்கிவிடும். சித்திரை வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் கிடந்தாலும், பேதியானாலும், பிரஷருக்கென்று திடீரென உப்பை நிறுத்தினாலும் அதே கதைதான். கடையில் கூட்டமாக இருக்கும்போது மாத்திரைப் பெயரைச் சத்தமாகச் சொல்லமாட்டார். இது சின்ன உதவி இல்லை. பக்கத்து வீட்டாள் காதில் விழுமே என்று மாத்திரை வாங்காமல் திரும்பிப் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

லித்தியம் கூடினால் கை நடுங்கும், நடை தள்ளாடும், வாய் குழறும். பஸ்ஸில் ஏறினால் குடித்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். இறக்கிவிடாமல் முன்சீட்டில் உட்கார வைத்து, பையிலிருந்த அட்டையைப் பார்த்து வீட்டுக்குப் போன் போட்ட கண்டக்டருக்கு என்ன சொல்ல?

பீடிக்கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. மருந்தால் விரல் மந்தப்பட்டவளுக்கு 300 பீடிக்கு மட்டும் இலையும் தூளும் நிறுத்துப் போட்டார். ஆயிரம் சுற்றினால்தான் ஆள் என்று ஒதுக்கவில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல். "கை கால் நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிய மேசைகளும் இருந்தன. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சைப் புரிந்துகொள்வது, வேலை என்று நாலையும் பார்த்து, எத்தனை வருட நோய் என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். 40 சதவீதம் வந்தால் சலுகைகளுக்கு வழி உண்டு. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்த கிளார்க் தம்பி நல்லா இருக்கணும். ராத்திரி மனசு ரொம்பக் கெட்டால் கூப்பிட 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணையும் அதே தாளின் பின்பக்கம் எழுதியிருந்தார்.

கமிட்டிக்கு மறுபடி ஒரு விண்ணப்பம். ஆடிக் கொடைக்குக் கால் நாட்டு நாள் குறித்ததும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ராத்திரி மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வீட்டாரும்