நெருப்பு கேட்ட சீடர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிற சமயத்தாரைப் பழிப்பதே விசுவாசத்தின் உறுதி என்று கிறிஸ்தவர்கள் சிலர் எண்ணுவது வேதனை தருகிறது. வேதாகமத்தின் லூக்கா 9ஆம் அதிகாரத்தில், இயேசுவை ஏற்காத சமாரியர் (யூதர்கள் பகைத்த வேற்று வழிபாட்டினர்) கிராமத்தின்மேல் வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கலாமா என்று சீடர்களான யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். இயேசு அவர்களைத்தான் அதட்டினார். அடுத்த அதிகாரத்திலேயே, இயேசு சொன்ன உவமையில், குற்றுயிராய்க் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, சத்திரக்காரனிடம் 2 தெனாரியம், அதாவது 2 நாள் கூலி, கொடுத்தவன் ஒரு சமாரியன். நிபந்தனை எதுவும் வைக்கவில்லை.

நம் உதவி கெடுவது அங்கேதான். நோயாளியைப் பார்க்கப் போகும்போதே மதப் பிரசாரத் துண்டுப்பிரசுரமும் கூடப் போகிறது. படுக்கையில் இருப்பவரால் எழுந்து போக முடியாது. அவர் தலையசைப்பதைச் சம்மதம் என்று கொள்ளக் கூடாது. ஜெபிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் மறுநாளும் போய்ப் பாருங்கள்.

பிற சமயத்தவர் ஒருவருடைய நம்பிக்கையைப் பற்றி அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதைப் பகிருமுன், அதை அவர் முகத்துக்கு நேரே படித்துக் காட்ட முடியுமா என்று யோசியுங்கள். நம் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் தாராளமாகச் சொல்லலாம்; சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லும்படி 1 பேதுரு 3:15 கேட்கிறது. பிரசங்கத்தில் பிறர் வழிபாட்டைக் கேலி செய்வதைப் போதகர்கள் இன்றே நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கிறிஸ்தவ வாசகர்