சத்தம் போடாமல் இருந்தவர்களுக்கு

கோவில்பட்டியில் எங்கள் தெருவில் இருக்கும் எல்லோருக்கும்,

குறும்படம் முடிந்துவிட்டது. 14 நிமிடம். மொத்தச் செலவு 41,300 ரூபாய், அதில் பாதிக்கு மேல் சாப்பாடு. "டீக்கடையில ரெண்டு பேரு பேசுறதுக்கு இவ்வளவா?" என்று அப்பா கேட்டார். கணக்கு நோட்டைக் காட்டினேன். பரோட்டா வரிக்கு வந்ததும் மூடிக் கொடுத்துவிட்டார்.

படத்தின் கடைசியில் நன்றி என்று பெயர்கள் ஓடும். அதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இந்த மடல்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கல்யாண கேமராக்காரர்கள் சும்மா இருப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் ஷூட்டிங்கை அந்த மாசத்தில் வைத்தேன். கணக்கு பலித்தது. பெட்ரோல் காசு மட்டும் வாங்கிக்கொண்டு தம்பி ஒருவர் கேமராவும் 50 எம்எம் லென்ஸுமாக வந்து நின்றார். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் துடித்தபோது, "நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஷட்டரையும் 50-ல வைங்கண்ணே" என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

டப்பிங் தியேட்டருக்குக் கொடுக்கக் காசில்லை. நடிக்கும்போதே குரலைப் பதிந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். ஆடி மாசம் அம்மன் கோயில் குழாய் விடிகாலை 5 மணிக்கே பாட ஆரம்பித்துவிடும் என்பது, இந்தத் தெருவிலேயே பிறந்த எனக்கு முதல் நாள் ஹெட்போனை மாட்டியபோதுதான் உறைத்தது.

கோயில் கமிட்டி அண்ணாச்சிகளிடம் தயங்கித் தயங்கிப் போனேன். "அம்மன் பாட்டை நிறுத்தச் சொல்லுதியா?" என்று ஒருவர் முறைத்தார். பக்கத்தில் இருந்தவர், "டீக்கடையைப் பார்த்திருக்க குழாயை மட்டும் கழட்டு. அம்மனுக்குக் கேட்டாப் போதாதா?" என்றார். அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

மாவு மில் அண்ணாச்சி நான்கு நாளும் 11 மணியிலிருந்து 1 மணி வரை மில்லை ஓட்டவில்லை. மிளகாய் அரைக்கத் தூக்குவாளியோடு நின்ற அக்காமார் ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.

டீக்கடைக்குப் பின்வீட்டு அக்காவிடம் மட்டும் மன்னிப்பும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் மைக்கில் ரீங்காரமாக விழும் என்று அதை அணைத்துவைத்தோம். திரும்பப் போட மறக்காமல் இருக்க பைக் சாவியை அதற்குள்ளேயே வைப்பது இந்தத் தொழிலில் ஒரு தந்திரம். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாதே. இரண்டாம் நாள் நான் நடந்து வந்திருந்தேன். மறுநாள் காலை மாவு பொங்கி வழிந்து புளித்துக் கிடந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் அதையே ஊத்தப்பமாக ஊற்றி எங்கள் 9 பேருக்கும் போட்டார். வெங்காயம் தாராளம்.

கடைசி நாள் ஒரு நிமிடம் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? வசனத்தை வெட்டி ஒட்டும் இடங்களில் நடுவே அடைக்க, அந்த இடத்தின் வெறும் அமைதி வேண்டும். "பேசாம நிக்கிறதையா பதியுதீங்க?" என்று சிரித்த பையன்தான் மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றான். தெருவே நின்றது. 52-வது விநாடியில் மூணாம் வீட்டு ஆச்சி இருமினார்கள்.

எடிட்டிங்கில் அதை வெட்டிப் பார்த்தேன், மனசு வரவில்லை. இப்போது படத்தில் டீக்கடைக்காரரின் அம்மா உள்ளே படுத்திருக்கிறார், இருமல் மட்டும் கேட்கும். நடிகர்கள் வரிசையில் ஆச்சியின் பெயரைப் போட்டிருக்கிறோம்.

வருகிற ஞாயிறு ராத்திரி 8 மணிக்கு மில் மொட்டைமாடியில் படம். அப்பாவின் எட்டுமுழ வேட்டிதான் திரை. பாய் கொண்டுவந்துவிடுங்கள். ஆச்சிக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருப்பேன். இந்தத் தடவை தாராளமாக இருமலாம்.