கயிலைக்குப் புறப்படத் தயங்கும் சித்திக்கு

அன்புள்ள சித்தி,

கயிலை யாத்திரை விண்ணப்பத்தை நிரப்பிவிட்டு அனுப்பாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார். "பாதி மலையில் மூச்சு முட்டினால் என்ன செய்வேன்?" என்று கேட்டீர்களாம்.

நியாயமான பயம்தான். கயிலையை வலம்வரும் பாதையில் மிக உயரமான இடமான டோல்மா கணவாய் சுமார் 5,630 மீட்டர் உயரம். நம் ஊரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கும். "ஈசன் பார்த்துக்கொள்வான், கிளம்புங்கள்" என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உடம்பைக் கவனிக்காமல் போவது பக்தி ஆகாது. உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியாக அரசு நடத்தும் யாத்திரையில் தில்லியில் ஒரு முறையும், போகிற வழியில் குஞ்சி என்ற மலைக்கிராமத்தில் மறுமுறையும் மருத்துவர்கள் சோதிக்கிறார்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் மிகுந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து.

மலையை வலம்வர 52 கிலோமீட்டர், பெரும்பாலும் மூன்று நாள். இரண்டாம் நாள்தான் கடினம். கணவாய்க்குச் சற்று முன்னால் ஓரிடத்தில் பழைய துணிகள் குவிந்து கிடக்கும். திபெத்திய யாத்ரீகர்கள் உடுத்திய துணியையோ ஒரு கற்றை முடியையோ அங்கே விட்டுச் செல்கிறார்கள். பழைய பிறவி அங்கே முடிந்து, கணவாயைத் தாண்டினால் புதுப் பிறவி என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் குவியலுக்கு முன் நின்றபோது, பயம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்று புரிந்தது. காலங்காலமாக வந்தவர்கள் எல்லோரும் நடுக்கத்தோடுதான் இங்கே வந்து, நடுக்கத்தோடே மேலே ஏறியிருக்கிறார்கள். நானும் ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு, மூச்சுக்கு ஓர் அடியாக ஏறினேன். நெஞ்சு படபடத்தது. ஆனாலும் கால்கள் நகர்ந்தன.

ஆடி அமாவாசைதோறும் ஐயாறப்பர் கோயிலில் அப்பர் கயிலைக் காட்சி பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா? கயிலைக்குப் போகும் வழியில் கால் தேய்ந்தபின் கையால் ஊன்றி, பிறகு மார்பால் தவழ்ந்து, உருண்டும் போனார் என்கிறது பெரியபுராணம். அவ்வளவு பாடுபட்டும் மலையை அடையவில்லை. குளத்தில் மூழ்கச் சொன்ன ஈசன், திருவையாற்றிலேயே காட்சி கொடுத்துவிட்டான். பாதியில் திரும்ப நேர்ந்தால் எல்லாம் வீண் என்று நினைக்கிறீர்களே, அந்த நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் குழுவில் ஓர் அம்மா, முதல் நாள் இரவு தங்கும் இடமான திராபுக்கிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்து கயிலையின் வடக்கு முகம் நேராகத் தெரியும். நாங்கள் புறப்பட்டபோது அவர் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். இதய மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் நானும் கூட வருகிறேன். காலையில் காவிரிக்கரையில் வேகமாக நடங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துத் திருச்சிக்கு வாருங்கள், மலைக்கோட்டைப் படிகளைச் சேர்ந்தே ஏறலாம்.

அன்புடன்,
உங்கள் மகன் போன்றவன்