ஒரே நாளில் குமரியை முடிக்கக் கிளம்பும் குடும்பங்களுக்கு

மே மாத விடுமுறையில் மதுரை, திருச்சி, கோவைப் பக்கமிருந்து சொந்தக் காரில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வரவிருக்கும் குடும்பத்தாருக்கு வணக்கம்.

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்நேரம் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் சூரிய உதயம், பிறகு விவேகானந்தர் பாறை, சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, மாலையில் திரும்பி வந்து அஸ்தமனம். வரைபடத்தில் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் இருக்கும். கன்னியாகுமரியிலிருந்து கேரள எல்லையான களியக்காவிளை வரைக்கும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். இங்கே தூரத்தை வைத்துத் திட்டம் போட்டவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கதவு எப்போது திறக்கும், எப்போது சாத்தும் என்பதை வைத்துப் போடுங்கள்.

அந்தப் பட்டியல்படி நடந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். உதயம் ஆறு மணிக்கு. படகு வழக்கமாக எட்டு மணிக்குத்தான் கிளம்பும். கோடை வரிசையில் நின்று, பாறைக்குப் போய், 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் வழியாக வள்ளுவர் சிலைக்கு நடந்து, கரை திரும்பும்போது பதினொன்றரை தாண்டிவிடும். சுசீந்திரம் போய்ச் சேர்வதற்குள் நடை சாத்தும் நேரம். சாத்திவிட்டால் மாலைதான். சரி, அரண்மனைக்குப் போவோம் என்று தக்கலைக்கு விட்டால் அங்கே மதிய இடைவேளை. இரண்டு மணிக்குத் திறந்து, பார்த்து முடித்துத் தொட்டிப்பாலத்துக்கு வந்தால் நாலரை. திற்பரப்பில் இறங்கும்போது கோடை மழை பிடித்திருக்கும். அஸ்தமனத்தை ரப்பர் தோட்டத்துக்குள் காரில் உட்கார்ந்தபடிதான் பார்க்க முடியும்.

எனவே குறைந்தது இரண்டு முழு நாள் வையுங்கள். தங்குவதற்கு கன்னியாகுமரியை விட நாகர்கோவில் மேல். மாவட்டத்தின் மேற்குப் பாதிக்குப் போக 20, வர 20 கிலோமீட்டர் மிச்சம், சீசன் நெரிசலும் இல்லை. உதயம் பார்க்க வேண்டிய ஒரு நாள் மட்டும் ஐந்து மணிக்கு எழுந்தால் போதும்.

மேற்குப் பக்கத்துக்கு ஒரு நாள். காலை ஆறரைக்குள் நாகர்கோவிலை விடுங்கள். அழகியமண்டபம், மார்த்தாண்டம் வழியே போகும் நெடுஞ்சாலை எட்டரைக்கு மேல் பள்ளி வாகனம் இல்லாத நாளிலும் நகராது. டாரஸ் என்னும் கனரக லாரிகளுக்குப் பின்னால் மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் போனாலே பெரிது. தக்கலையிலிருந்து குலசேகரம் பக்கம் திரும்பி நேராகத் திற்பரப்புக்கு. அருவியைக் காலையில் வைப்பதற்குக் காரணம் கூட்டம் மட்டுமல்ல. ஏப்ரல், மே மாதங்களில் மலையோரத்தில் மதியத்துக்குப் பிறகுதான் இடி மழை கூடும். கோதையாற்றில் தண்ணீர் ஏறினாலோ பேச்சிப்பாறை அணையிலிருந்து உபரிநீர் விட்டாலோ குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அதே காரணத்தால்தான் காளிகேசம் போன்ற காட்டாற்று இடங்களில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மரத்தடியில் தூங்கக் கூடாது. இங்கே வெயில் அடிக்கும், மேலே மலையில் பெய்த மழை சொல்லாமல் வந்து சேரும்.

ஒன்பதரைக்கு ஈரம் துவட்டிக் கிளம்பினால், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை நடை சாத்துமுன் பார்க்கலாம். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்த கோயில். பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகக் காண முடியும். சுசீந்திரம், குமரி அம்மன் கோயில்களைப் போலவே இங்கும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ஜீன்ஸோடு வந்து வாசலில் வேட்டி தேடாமல், ஆளுக்கொரு வேட்டியைப் பையில் மேலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாத்தூர் தொட்டிப்பாலம், பாசனத் தண்ணீரைத் தொட்டி போன்ற கால்வாயில் ஆற்றுக்கு மேலே கடத்தும் பாலம். பறளியாற்றுக்கு மேலே 28 தூண்களில், 115 அடி உயரத்தில், 1966இல் கட்டி முடித்தது. மே மாதத்தில் தொட்டியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. பாசனத்துக்கு அணை திறப்பது வழக்கமாக ஜூனில்தான். 'மேலே ஆறு ஓடும்' என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி ஏமாற்றாதீர்கள். நிழல் துளியும் கிடையாது. பாதிவரை நடந்து திரும்பினாலும் பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று.

மதியச் சாப்பாட்டைத் தக்கலையில் முடித்து, இரண்டு மணிக்கு பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் நில்லுங்கள். வெயில் உச்சியில் ஓட்டிறக்கின் கீழ் இருப்பதற்கு இதைவிட நல்ல இடம் மாவட்டத்தில் இல்லை. அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் பலகணிகளில் பதித்த மைக்கா வழியே வருகிற வெளிச்சம், கரி கலந்து மெருகேற்றிய கறுப்புத் தரை இரண்டும் வெளிவெயிலை மறக்கடிக்கும். திங்கட்கிழமை விடுமுறை. அதைவிட முக்கியமானது ஒன்று: 1956 நவம்பரில் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனை இன்றும் கேரளத் தொல்லியல் துறை வசம்தான். ஆகவே விடுமுறைக்கும் கேரள நாட்காட்டியையே பாருங்கள். உள்ளே வழி ஒருபோக்கு. மரப்படிகள் செங்குத்து, நிலைகள் தாழ்வு. முழங்கால் வலிக்கிற பாட்டியை உள்ளே அழைத்துச் சென்றுவிட்டுப் பாதியில் திரும்ப முடியவில்லை என்று தவிப்பதை அடிக்கடி பார்க்கிறோம். வாசலிலேயே கேட்டு முடிவெடுங்கள். செருப்பில்லாமல் நடக்க வேண்டும். முற்றத்துக் கல் மதியத்தில் சுடும், பிள்ளைகளைத் தூக்கிக் கடந்துவிடுங்கள். நேரம் மிச்சமிருந்தால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்று, பின் அவர் படையையே பழக்கிய, டச்சுக் கம்பெனிப் படையைச் சேர்ந்த டிலெனாயின் கல்லறை அங்கே இருக்கிறது.

பிறகு அஸ்தமனம். இதில்தான் பலருக்கும் ஏமாற்றம். கன்னியாகுமரியில் உதயம், அஸ்தமனம் இரண்டும் கடலில் தெரியும் என்பது மார்கழி, தை மாதத்துக்குச் சரி. மே மாதத்தில் சூரியன் நேர்மேற்கிலிருந்து 20 பாகை அளவுக்கு வடக்கே தள்ளி இறங்கும். குமரி முனையிலிருந்து பார்த்தால் அந்தத் திசையில் இருப்பது குளச்சல் வரை நீளும் கரை. எனவே சூரியன் தென்னைக்குப் பின்னால்தான் மறையும். முட்டத்துக்குப் போங்கள். அங்கிருந்து கரை வடமேற்காக வளைந்துவிடுவதால் கடலுக்குள் இறங்குவது மே மாதத்திலும் தெரியும். அரண்மனையிலிருந்து திங்கள்நகர் வழியே வந்து, ஆறு மணிக்குள் கலங்கரை விளக்கப் பாறைப் பக்கம் சேர்ந்துவிடுங்கள். மறைவது ஏறத்தாழ ஆறரைக்கு. சனி, ஞாயிறு மாலை கடலோர ஊர்களில் திருப்பலியும் திருவிழாப் பவனியும் சாலையிலேயே நடக்கும். அப்போது ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள், வழி தானாகக் கிடைக்கும்.

முட்டத்துப் பாறையில் ஈரம் பட்ட இடம்வரை இறங்கக் கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இந்தக் கரைக்கு 'கள்ளக்கடல்' வரும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயற்காற்று கிளப்பிய பேரலை, சில நாள் கழித்து இங்கே வந்து மோதும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. கடல் பத்து நிமிடம் சாதுவாகக் கிடந்துவிட்டு ஒரே தள்ளாக மேலேறும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது இப்படியொரு எச்சரிக்கை அமலில் இருந்தபோதுதான். ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே தருகிறது. கிளம்புகிற அன்று காலை கன்னியாகுமரி மாவட்டத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் முழங்கால் தண்ணீரும் வேண்டாம். கரையில் வலை இழுக்கிற மீனவர் 'ஏறிப் போங்க' என்று சொன்னால் வாதம் பண்ணாமல் ஏறிவிடுங்கள்.

கிழக்குப் பக்கத்து நாள் சுலபம். உதயம், ஏழு மணிக்கே படகு வரிசை, கரை திரும்பியதும் அம்மன் கோயில். தாமதமாகிவிட்டால் கோயிலை மாலைக்குத் தள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அன்று வரிசையில் காத்துக் கிடக்காமல் நேராக சுசீந்திரம் போய்விடுவது புத்தி. மதியம் அறையில் தூக்கம். இங்கே வெயில் டிகிரியில் குறைவு, வியர்வையில் அதிகம். பிள்ளைகள் சோர்ந்த பிறகுதான் தெரியும். நாலு மணிக்கு மேல் வட்டக்கோட்டை, இருட்டியதும் சுசீந்திரத்தில் 18 அடி ஆஞ்சநேயர். வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் காலையிலேயே குடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். கைக்குழந்தை இருந்தால் மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் காலை இருந்தால் சிதறால். 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், மார்த்தாண்டத்திலிருந்து 7 கிலோமீட்டர். மேலே ஏறும் கல்பாதையில் கடை கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள்.

ஊர் திரும்பும்போது தோவாளையில் பூ வேண்டுமென்றால் விடியுமுன் சந்தைக்கு வந்துவிடுங்கள். அதைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பக்கவாட்டில் தள்ளும். அங்கே காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். மேல் கேரியரில் பெட்டி கட்டியிருந்தால் தார்ப்பாயின் முன்பக்கத்தைப் பெட்டிக்கு அடியில் மடித்துக் கட்டுங்கள். லாரியை முந்தி வெளியே வரும் நொடியில் கார் ஒரு முழம் நகரும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, முப்பந்தல் தாண்டும்வரை 60க்கு மேல் போகாதீர்கள்.

இங்ஙனம்,
நாகர்கோவில் வட்டாரத்து வண்டிக்காரர்கள்